முதலில் தராசு, பிறகு பசை: விண்ட்சர்ஃபிங் பலகையை வீட்டிலேயே பழுதுபார்த்தல்

(நம் சமூகக் கூடத்தில் நடந்த ‘கைவேலை’ கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சென்ற கூட்டத்தில் பி பிளாக் நண்பர் குழாய்க்கு வாஷர் மாற்றுவது பற்றிப் பேசினார். அது எல்லா வீட்டுக்கும் உதவும். இன்று நான் பேசப்போவது நம் குடியிருப்பில் ஐந்தாறு வீடுகளுக்கு மட்டுமே நேரடியாக உதவும். ஆனால் அந்த ஐந்தாறு வீட்டுப் பிள்ளைகளும் கடலுக்குப் போகிறவர்கள். பலகையை நம்பித்தான் போகிறார்கள். அதனால் செயலாளர் கேட்டவுடன் சரி என்று சொல்லிவிட்டேன்.

நான் வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். படித்தது பி.காம். எனக்கு இந்த வேலை வந்து சேர்ந்தது மகளால். அவள் சனி ஞாயிறுகளில் விண்ட்சர்ஃபிங் போவாள். பலகை மேல் பாய்மரம் கட்டி, நின்றபடி காற்றில் ஓட்டுவது. அவளுடையது இரண்டாம் கைப் பலகை. மூன்று வருடத்தில் அதை நான்கு முறை சரிசெய்திருக்கிறேன். தெரிந்தவர்கள் பலகைகள் இரண்டையும் பார்த்துக்கொடுத்தேன். அந்த அனுபவத்தில்தான் பேசுகிறேன்.

முதலில் பலகைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். வெளியே பார்த்தால் பளபளவென்று கெட்டியாக, மரக்கட்டை போலத் தெரியும். உள்ளே இருப்பது தெர்மாகோல். டிவி வாங்கினால் பெட்டிக்குள் வருமே, அதே இனம்தான். ஒரு கன மீட்டர் தெர்மாகோல் 15 கிலோ அளவில்தான் இருக்கும். அப்படியென்றால் 100 லிட்டர் கொள்ளளவுள்ள பலகையின் வயிற்றுக்குள் இருப்பது வெறும் ஒன்றரை கிலோ. அதன் மேல் கண்ணாடி இழைத் துணி, அதன் மேல் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள கெட்டியான பிவிசி ஃபோம் அல்லது மெல்லிய மரத்தகடு, அதன் மேல் மறுபடியும் கண்ணாடி இழையோ கார்பன் இழையோ. எல்லாவற்றையும் ஒட்டிப் பிடித்திருப்பது எபாக்சி ரெசின். நடுவில் ஃபோமை வைத்து இரண்டு பக்கமும் துணி. சாண்ட்விச் என்றுதான் தொழிலில் சொல்கிறார்கள். பலமெல்லாம் அந்த மெல்லிய தோலில்தான். தோல் உடைந்தால் உள்ளே இருக்கும் தெர்மாகோல் எதையும் தாங்காது.

எல்லாப் பலகையும் இப்படி அல்ல. கலிஃபோர்னியாவில் ஹாயில் ஷ்வைட்சரும் ஜிம் டிரேக்கும் 1968-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, பிறகு உலகம் முழுக்கப் பரவிய ‘விண்ட்சர்ஃபர்’ பலகைக்குத் தோல் பாலிஎத்திலீன். தண்ணீர் டிரம்முக்குப் போடும் பிளாஸ்டிக் வகை. அப்படிப் பழைய பலகை யாரிடமாவது இருந்தால் நான் சொல்லும் வைத்தியம் அதற்குப் பொருந்தாது. பாலிஎத்திலீன் மேல் எபாக்சி பிடிக்காது, காய்ந்ததும் தோசை போலக் கழன்று வரும். அதற்கு பிளாஸ்டிக் வெல்டிங் தெரிந்த ஆள் வேண்டும். நகத்தால் கீறிப் பாருங்கள். மெழுகு போல வழவழப்பாகக் கோடு விழுந்தால் பிளாஸ்டிக். கோடு விழாமல் கண்ணாடி போல இருந்தால் மேலே கேளுங்கள்.

பலகை எங்கே உடையும்? பெரும்பாலும் மூக்கில். காற்று திடீரென்று பிடித்து இழுக்கும்போது ஓட்டுபவர் முன்னால் தூக்கி எறியப்படுவார். கூடவே பாய்மரக் கம்பம் சாய்ந்து மூக்கில் மோதும். இது எல்லோருக்கும் நடக்கும், திறமைக் குறைவு அல்ல. அடுத்தபடியாக விளிம்புகள். இது கடலில் நடப்பதைவிட நம் லிஃப்டிலும் மாடிப்படியிலும் நடப்பதுதான் அதிகம்.

உடைந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது, “என்ன பசை போடலாம்?” என்பதுதான். நான் முதலில் கேட்பது, “எடை எவ்வளவு?”

தெர்மாகோல் சின்னச் சின்ன மணிகளாக ஒட்டியிருக்கிறது. மணிக்குள் தண்ணீர் சுலபமாகப் போகாது. ஆனால் மணிக்கும் மணிக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் போகும். விரலளவு விரிசலோடு ஒரு மணி நேரம் கடலில் ஓட்டினால் போதும், குடிக்கத் தொடங்கிவிடும். வெளியே தெரியாது, சொட்டாது. கரைக்கு வந்து துணியால் துடைத்து வைத்தால் புதுப்பலகை போல இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பது மட்டும் மாறாது. பலகை வாங்கிய அன்றே, துடுப்பு, கால்பட்டை எல்லாம் கழற்றிவிட்டு, விமானப் பயணத்துக்குப் பெட்டி நிறுக்கும் தொங்கு தராசில் எடை எடுத்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதுதான் உங்கள் தொடக்க இருப்பு. பிறகு எப்போது சந்தேகம் வந்தாலும் நிறுத்துப் பாருங்கள்.

மகளின் பலகை நல்ல நிலையில் 7.6 கிலோ. ஒருமுறை மூக்கு உடைந்தபோது, அவள் அவசரத்துக்கு வெளியே ஒரு பட்டறையில் கொடுத்து வாங்கினாள். பெயர் வேண்டாம். அவர் மேலே பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்து அழகாகக் கொடுத்தார். ஒரு மாதத்தில் அந்த இடம் கொப்புளம் போல எழும்பியது. நான் நிறுத்துப் பார்த்தேன், 8.9 கிலோ. ஒரு லிட்டருக்கு மேல் கடல்நீரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டிருந்தார்! ஈரத்தின் மேல் ஒட்டும் எதுவும் பிடிக்காது. பிடித்தது போலத் தெரிந்தாலும் வெயிலில் வைத்ததும் உள்ளே இருக்கும் ஈரம் சூடாகி ஆவியாகித் தோலைத் தள்ளும். ஒட்டியது மட்டுமல்ல, பக்கத்தில் நன்றாக இருந்த தோலும் சேர்ந்து கழன்றுகொள்ளும்.

ஆகவே உலர்த்துவதுதான் வேலையில் முக்கால்வாசி. பசை போடுவது ஒரு சாயங்காலம். உலர்த்துவதற்கு ஒன்றரை மாதம்கூட ஆகலாம். நான் செய்த முறையைச் சொல்கிறேன்.

முதலில் சேதம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். எங்கள் காலத்தில் கேஷியர்கள் நாணயத்தைக் கவுண்டரில் தட்டிப் பார்த்தே நல்லதா கெட்டதா என்பார்கள். அதே வேலைதான். ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தால் உடைந்த இடத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் ‘டக் டக்’ என்று கூர்மையாகக் கேட்கும். தோல் கழன்ற இடத்தில் ‘பொத் பொத்’ என்று மந்தமாகக் கேட்கும். மந்தமான இடத்தையெல்லாம் பென்சிலால் வளைத்துக் கோடு போடுங்கள். கண்ணுக்குத் தெரியும் உடைசல் எலுமிச்சம்பழம் அளவு இருந்தால் கோட்டுக்குள் தேங்காய் அளவு வரும். பயப்பட வேண்டாம்.

விரிசல் இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகமாக இருந்தால், பலகையில் ஒரு சின்ன காற்றுத் திருகு இருக்கும் பாருங்கள், அதைக் கழற்றுங்கள். சந்தேகப்படும் இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவிவிட்டு, அந்தத் துளையில் வாயால் மெதுவாக ஊதச் சொல்லுங்கள். குமிழி வந்தால் ஓட்டை. டியூபுக்குப் பஞ்சர் பார்ப்பது போலத்தான். ஆனால் வாயால் மட்டுமே. டயருக்குக் காற்றடிக்கும் பம்பை அங்கே வைத்தால் பலகை உள்ளிருந்தே பிளந்துவிடும்.

பிறகு கோடு போட்ட பகுதியின் செத்த தோலைக் கூர்மையான கத்தியாலும் ஹேக்ஸா பிளேடாலும் வெட்டி எடுங்கள். மனசு வராது. காயத்தைப் பெரிதாக்குகிறோமே என்று தோன்றும். கழன்ற தோலை வைத்துக்கொண்டு மேலே ஒட்டுவது வாராக் கடனைப் புதுப்பித்துப் புதுப்பித்துக் கணக்கில் வைத்திருப்பது போல. தள்ளுபடி செய்துவிட வேண்டியதுதான். திறந்த இடம் கீழே பார்த்திருக்கும்படி பலகையைச் சாய்த்து நிறுத்துங்கள். முதல் நாள் சொட்டும். விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும்.

சொட்டுவது நின்றதும் ஈரம் போய்விட்டது என்று நினைக்கக்கூடாது. காற்றுத் துளையில் மீன் தொட்டிக்கு வைக்கும் சின்னப் பம்பின் குழாயைச் செருகி, இரவும் பகலும் ஓட விட்டேன். அதன் அழுத்தம் மிகக் குறைவு, அதனால் ஆபத்தில்லை. காற்று துளை வழியே போய் உடைந்த வாய் வழியே மெதுவாக வெளியேறும். ஏசி ஓடும் அறையில் வைத்தால் காற்று உலர்ந்திருப்பதால் வேகம் கூடும். மொட்டைமாடி வெயிலில் வைக்காதீர்கள். கறுப்பு நிறப் பலகை சித்திரை வெயிலில் தொட முடியாத அளவு சுடும், தெர்மாகோல் இளகிச் சுருங்கிவிடும். ஹேர் டிரையர், ஹீட் கன் எதுவும் வேண்டாம். ஐப்பசி கார்த்திகையில் ஆரம்பிக்காமல் இருப்பதே நல்லது.

வாரம் ஒருமுறை, ஞாயிறு காலை, நிறுத்து எழுதினேன். அந்த நோட்டிலிருந்து அப்படியே படிக்கிறேன்: 8.9, 8.5, 8.3, 8.1, 8.0, 7.9, 7.8, 7.8. மகள் நான்காவது வாரமே, “போதும்பா, தை மாசக் காத்து போயிடும்” என்றாள். எடை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது என்றால் இன்னும் தண்ணீர் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு வாரம் தொடர்ந்து ஒரே எடை வந்த பிறகுதான் பசை டப்பாவைத் திறந்தேன். தொடக்க இருப்புக்கும் இதற்கும் 200 கிராம் வித்தியாசம் இருந்தது. அது பழைய பட்டியின் எடையும் மிச்ச ஈரமும் சேர்ந்தது. இறங்காமல் நின்றுவிட்டதால் ஏற்றுக்கொண்டேன்.

இப்போது பசை. இங்கேதான் நம் ஊரில் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. நம் கடற்கரை முழுக்க ஃபைபர் படகுகள். அவற்றைச் சரிசெய்பவர்கள் கைதேர்ந்தவர்கள். பலகையை எடுத்துக்கொண்டு போனால் அன்பாக, “கொடுங்க சார், அரை மணி நேரத்துல முடிச்சுத் தர்றேன்” என்பார்கள். அவர்கள் வைத்திருப்பது பாலியெஸ்டர் ரெசின். படகுக்கு அது சரியான பொருள். ஆனால் அதில் ஸ்டைரீன் என்ற திரவம் கலந்திருக்கிறது. அது தெர்மாகோலைச் சர்க்கரைப் பாகில் போட்ட பஞ்சுமிட்டாய் போலக் கரைத்துவிடும். மேலே பார்த்தால் ஒட்டு கச்சிதமாக இருக்கும், உள்ளே குகை. கார் பம்பர் ஒட்டும் கடையில் இருப்பதும் பெரும்பாலும் இதே வகைதான். பெட்ரோல், தின்னர், அசிட்டோன், ஸ்ப்ரே பெயின்ட், ஃபெவிக்விக் எல்லாமே தெர்மாகோலுக்கு எதிரி.

கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம், நான் சொல்வதையும் நம்ப வேண்டாம். வாங்கிய ரெசினில் ஒரு சொட்டை, அதற்குரிய ஹார்டனரோடு கலந்து, வீட்டில் கிடக்கும் தெர்மாகோல் துண்டில் விட்டு அரை மணி நேரம் பாருங்கள். பள்ளம் விழுந்தால் தவறான பொருள். விழாமல் அப்படியே இறுகினால் எபாக்சி, தாராளமாகப் போடலாம்.

எபாக்சியில் இரண்டு டப்பா வரும், ரெசின் ஒன்று, ஹார்டனர் ஒன்று. விகிதம் லேபிளில் இருக்கும். அது எடைக் கணக்கா, அளவுக் கணக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒன்றல்ல. சமையலறைத் தராசு போதும், கிராம் சுத்தமாக நிறுக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றுபவர்கள் உண்டு. எபாக்சியில் இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து தீர வேண்டும், பற்றும் வரவும் போல. ஒன்று மிஞ்சினால் அது கடைசி வரை பிசுபிசுத்தபடியே இருக்கும், பலம் வராது. கலந்த பிறகு கப்பின் ஓரத்தையும் அடியையும் வழித்து மூன்று நிமிடம் கலக்குங்கள்.

நம் ஊர் வெப்பத்தைக் கணக்கில் வைக்க வேண்டும். பத்து டிகிரி கூடினால் இறுகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். குளிர்நாட்டு லேபிளில் 30 நிமிடம் என்று போட்டிருந்தால் இங்கே 15 நிமிடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஒரே கப்பில் நிறையக் கலந்து வைத்தால் தானாகவே சூடேறிப் புகையும், கப்பே உருகும். 50 கிராம், 60 கிராமாகக் கலந்து, உடனே அகலமான தட்டில் பரப்பிவிடுங்கள்.

நேரமும் முக்கியம். வெயில் இறங்கும் சாயங்காலத்தில்தான் பூச வேண்டும், காற்றுத் திருகு திறந்திருக்க வேண்டும். காலையில் பூசினால் வெப்பம் ஏற ஏற பலகைக்குள் இருக்கும் காற்று விரிந்து, ஈரமான ரெசின் வழியே குமிழியாக வெளியே வரும். சாயங்காலம் காற்று சுருங்கும்போது ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரே பொருள், ஒரே கை, நேரம் மட்டும் மாறினால் ஒட்டின் தரம் மாறுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உடைந்த இடத்தைச் சுற்றி மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்குப் பெயின்டை 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, குழிக்குள் சரிவாக இறங்கும்படி செய்யுங்கள். பள்ளம் சின்னதாக இருந்தால் எபாக்சியில் மைக்ரோபலூன் பொடி சேர்த்து வடை மாவுப் பதத்தில் கலந்து நிரப்பலாம். பெரியதாக இருந்தால் தெர்மாகோல் துண்டை வெட்டிப் பொருத்தி, மேலே பிவிசி ஃபோம் வைத்து ஒட்டுங்கள். வெறும் பட்டியால் நிரப்பினால் மூக்கு கனக்கும். இறுகியதும் வளைவுக்குச் சமமாகத் தேய்த்து, மேலே கண்ணாடி இழைத் துணி இரண்டு அடுக்கு, மூக்காக இருந்தால் மூன்று. ஒவ்வோர் அடுக்கும் முந்தையதைவிட ஒரு விரல் அகலம் பெரிதாக இருக்கட்டும். துணி எவ்வளவு எடையோ ஏறக்குறைய அதே எடை ரெசின் போதும். வெள்ளையாகத் தெரியும் துணி கண்ணாடி போலத் தெளிந்தால் நனைந்துவிட்டது என்று அர்த்தம், மேலே குளம் கட்ட வேண்டாம். அதன் மேல் பிளாஸ்டிக் ஷீட் ஒன்றைப் பரப்பி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிக் காற்றை வெளியேற்றி, டேப் போட்டு ஒட்டி 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள். புழுக்கமான நாளில் மேலே மெழுகு போல ஒரு படலம் வரும். அதைச் சோப்புத் தண்ணீரால் கழுவிய பிறகே தேய்க்க வேண்டும். கடைசியாக பெயின்ட். எபாக்சி வெயிலில் மஞ்சளாகிப் பலம் இழக்கும், ஆகையால் பெயின்ட் அழகுக்கு மட்டுமல்ல. நிறம் சரியாகப் பொருந்தவில்லை என்று கவலைப்படாதீர்கள்.

எதை வீட்டில் தொடக்கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பாய்மரத்தின் அடிப்பகுதி பலகையோடு சேரும் குழி, அதைச் சுற்றி விரிசல் இருந்தால் தொடாதீர்கள். அடியில் துடுப்பு செருகும் பெட்டி, அதுவும் அப்படியே. பலகையின் குறுக்கே இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை மடிப்பு விழுந்திருந்தால், அது முறிந்த முதுகெலும்பு. மூக்கில் போட்ட ஒட்டு பிரிந்தால் பலகை கொஞ்சம் தண்ணீர் குடிக்கும், பிள்ளை வீடு திரும்பும். பாய்மரக் குழி பிய்ந்தால் பாய் போய்விடும், திரும்பி வர வழியே இல்லை. நம் கரையில் கோடை காலத்தில் காலை நேரக் காற்று மேற்கிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். மதியத்துக்கு மேல்தான் கடல்காற்று திரும்பும். காலை எட்டு மணிக்கு அது பிய்ந்தால் காற்று எந்தப் பக்கம் கொண்டுபோகும் என்று யோசித்துப் பாருங்கள். பாய் போனாலும் பலகையை மட்டும் விடக்கூடாது, அது மிதக்கும், தேடி வருபவர்கள் கண்ணில் படும் என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். அந்த மூன்று இடங்களிலும் உடைந்தால் பலகை கட்டும் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள், இல்லையென்றால் பலகையை ஓய்வு பெறச் செய்யுங்கள். மகள் ஒருமுறை குழியோரம் மயிரிழை விரிசலோடு ஒரு நல்ல பலகையை மலிவாக வாங்கலாம் என்று கொண்டு வந்தாள். “நீங்கதான் சரிபண்ணிடுவீங்களேப்பா” என்றாள். நான் தொட மறுத்துவிட்டேன். ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. பரவாயில்லை.

இனி நம் குடியிருப்புக்கான விஷயம். எபாக்சி தோலில் படக்கூடாது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்க இருக்கும். நைட்ரைல் கையுறை கட்டாயம். பட்டுவிட்டால் சோப்பும் தண்ணீரும், தின்னரால் கழுவினால் அதுவே தோலுக்குள் கொண்டுபோகும். தேய்க்கும்போது என்95 முகக்கவசமும் கண்ணாடியும் போடுங்கள். உலர்ந்த தூசி பறக்காமல் ஈரம் தொட்டுத் தேய்ப்பது நல்லது. சமையலறையிலும் குழந்தைகள் தூங்கும் அறையிலும் வேண்டாம். வராந்தாவிலும் வேண்டாம், எதிர்வீட்டுக்காரருக்கு ஆஸ்துமா இருக்கலாம். கார் நிறுத்துமிடத்தின் திறந்த மூலையை ஒரு நாள் முன்னதாக அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் பயன்படுத்த நிர்வாகக் குழு அனுமதித்திருக்கிறது. தூசியைத் துணியில் ஒற்றி எடுத்துவிட வேண்டும். மிச்ச ரெசினை சிங்கிலோ வடிகாலிலோ ஊற்றாதீர்கள், குழாய்க்குள் கல்லாகிவிடும். கப்பிலேயே இறுக விட்டு, ஆறிய பிறகு குப்பையில் போடுங்கள்.

காற்றுத் திருகைக் கடலுக்குப் போகும் முன் மூட வேண்டும், வந்ததும் திறக்க வேண்டும். வெயிலில் கார் மேல் கட்டிக்கொண்டு வரும்போது கண்டிப்பாகத் திறந்திருக்க வேண்டும். பலகையின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டிவிடுங்கள்.

தொங்கு தராசையும் மீன் தொட்டிப் பம்பையும் அலுவலக அறை அலமாரியில் வைத்திருக்கிறேன். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். பம்பை மட்டும் ஒன்றரை மாதம் கேட்பவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், சி பிளாக்கில் ஏற்கெனவே ஒருவர் காத்திருக்கிறார்.